புறநிழலை அளந்தவர்களும் அளக்காதவர்களும்

பக்கவாத ஆராய்ச்சியில் விலங்குகள் தோற்றுவிட்டன என்பது மருத்துவ உலகில் இன்று ஏறக்குறைய பொதுக்கருத்து. எலிக்குப் பலித்த மருந்து மனிதருக்குப் பலிக்கவில்லை, பல பத்தாண்டு உழைப்பும் பெரும் பணமும் வீணாயின, இனி மனிதத் தரவுகளை மட்டும் நம்புவோம் என்கிறது ஒரு தரப்பு. விலங்குகளைக் குறை சொல்லாதீர்கள், சோதனை செய்தவர்களின் ஒழுங்கின்மையைக் கேளுங்கள் என்கிறது எதிர்த்தரப்பு. இருவர் வாதத்திலும் உண்மை உண்டு. ஆனால் விலங்குகளிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இரண்டு என்பதை இருவருமே மறந்துவிடுகிறார்கள். முதல் கேள்விக்கு அவை தந்த விடையால் இன்றும் மனிதர்கள் எழுந்து நடக்கிறார்கள். இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த விடைதான் பொய்த்தது. ஏன் பொய்த்தது என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன் முதல் விடை எப்படி மெய்யானது என்று பார்த்தாக வேண்டும்.

மூளைத் தமனி ஒன்று அடைபட்டதும் அது ஊட்டிவந்த பகுதி முழுவதும் ஒரேயடியாக இறந்துவிடுவதில்லை. நடுவில் உள்ள திசு சில நிமிடங்களில் மடியத் தொடங்குகிறது. அதைச் சுற்றியுள்ள திசுவுக்கு அண்டைத் தமனிகளின் கிளைகள் வழியே கொஞ்சம் ரத்தம் வந்துகொண்டிருக்கும். வேலை செய்ய அது போதாது. சில மணி நேரம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கப் போதும். கிரகணத்தின்போது கருநிழலைச் சூழ்ந்திருக்கும் புறநிழலின் பெயரையே, பெனம்ப்ரா என்று, மருத்துவர்கள் இதற்கும் வைத்தார்கள். கை விழுந்துபோன நோயாளிக்கு அந்தக் கை திரும்புமா என்பது பெரும்பாலும் இந்தப் புறநிழல் பிழைக்குமா என்பதைப் பொறுத்தது.

இதைக் கண்டுபிடித்தது பபூன் குரங்குகளில். 1970-களில் லண்டன் குயீன் ஸ்கொயரில் லிண்ட்சே சைமன், நீல் பிரான்ஸ்டன் ஆகியோரின் குழு குரங்கின் நடு மூளைத் தமனியை அடைத்துவிட்டு, மூளைப் புறணியின் பல இடங்களில் மின்முனைகளைப் பொருத்தி ரத்த ஓட்டத்தை இடம் இடமாக அளந்தது. அதே இடங்களில் நரம்புச் செல்களின் மின் எதிர்வினையையும் பதிவு செய்தது. இயல்பான மனித மூளையில் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் ரத்தம் ஓடுகிறது. பபூனில் ஓட்டம் 15 மில்லிலிட்டர் அளவுக்கு இறங்கியபோது மின் எதிர்வினை நின்றுபோனது. செல் செத்துவிட்டது என்று அந்த இடத்தில் யாரும் முடிவு கட்டியிருப்பார்கள். 1977-இல் யென்ஸ் ஆஸ்ட்ரப்பும் இந்தக் குழுவும் பொட்டாசியத்தை உணரும் நுண்மின்முனையைக் கூடவே வைத்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. செல்லின் சவ்வு உடைந்து பொட்டாசியம் வெளியே கொட்டுவதற்கு ஓட்டம் இன்னும் கீழே, ஏறக்குறைய 6 மில்லிலிட்டருக்கு இறங்க வேண்டியிருந்தது. பதினைந்துக்கும் ஆறுக்கும் இடையில் பேச்சு நின்ற, மூச்சு நிற்காத செல்கள் இருந்தன. ஆஸ்ட்ரப், சீஷோ, சைமன் மூவரும் 1981-இல் எழுதிய சிறிய கட்டுரை இந்த இடைவெளிக்கு இலக்கணம் வகுத்தது.

அதே ஆண்டில் வந்த இன்னொரு குரங்கு ஆய்வு இதைவிட முக்கியமானது என்பது என் எண்ணம். அதற்குரிய புகழ் அதற்குக் கிடைக்கவில்லை. ஜோன்ஸும் உடன் ஆய்வாளர்களும் மக்காக் குரங்குகளை மயக்கத்தில் வைக்காமல், விழித்திருக்கும்போதே தமனியைச் சுருக்கிட்டு அடைத்தார்கள். ஓட்டம் சுமார் 23 மில்லிலிட்டருக்குக் கீழே போனதும் குரங்கின் கை கால் செயலிழந்தது. ஆனால் திசு நிலையாக மடிவதற்கு வேண்டிய அளவு அடைப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைப் பொறுத்து மாறியது. இரண்டு, மூன்று மணி நேர அடைப்பென்றால் 10 முதல் 12 மில்லிலிட்டருக்குக் கீழே போனால்தான் சாவு. அடைப்பு நிரந்தரமானால் 17, 18 மில்லிலிட்டரே சாவுக்குப் போதும். ஆகவே புறநிழலுக்கு நிலையான எல்லைக்கோடு இல்லை. ஓட்டமும் நேரமும் சேர்ந்துதான் அதை வரைகின்றன. நேரம் போகப் போக, அதே ஓட்டத்தில் இருக்கும் திசு உயிரின் பக்கத்திலிருந்து சாவின் பக்கம் போய்விடுகிறது.

இந்த வரிசையில் மூன்றாவது, பூனை. 1990-இல் கலிஃபோர்னியாவில் மைக்கேல் மோஸ்லியின் குழு பூனையின் தமனியை அடைத்து, நீர் மூலக்கூறுகளின் அசைவைப் படம்பிடிக்கும் புதிய வகை எம்.ஆர்.ஐ. எடுத்தது. வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் தெரியாத முதல் மணி நேரத்திலேயே இந்தப் படத்தில் பாதிப்பு பளிச்சென்று தெரிந்தது. இன்று பக்கவாத நோயாளியின் மடிந்த மையத்தைக் காட்டும் படம் அதுதான். ரத்த ஓட்டக் குறைவைக் காட்டும் படத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தால், ஓட்டம் குறைந்தும் இன்னும் மடியாத பகுதியாகப் புறநிழல் ஏறக்குறைய கண்ணுக்கே தெரிகிறது. 2018-இல் வெளியான டிஃபியூஸ் 3 ஆய்வு இந்த வித்தியாசத்தைக் கொண்டே நோயாளிகளைத் தேர்ந்தது. அதன் உடன்பிறப்பான டான் ஆய்வு மையம் சிறிதாகவும் நோயாளியின் பாதிப்பு பெரிதாகவும் இருப்பவர்களைத் தேடியது. தாக்கி ஆறு மணி நேரம் கடந்தவர்களுக்கு, டான் ஆய்வில் 24 மணி நேரம் வரைகூட, தமனிக்குள் குழாய் செலுத்தி உறைகட்டியை இழுத்தெடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பிறர் உதவியின்றி வாழும் நிலையில் இருந்தவர்கள் டான் ஆய்வில் 49 விழுக்காடு. உறைகட்டியை எடுக்காத பிரிவில் 13. டிஃபியூஸ் 3-இல் 45-க்கு 17. மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம். பபூனின் மின்முனையும் மக்காக்கின் சுருக்குக் கயிறும் பூனையின் படமும் இல்லாமல் இப்படியொரு ஆய்வை யாரும் கற்பனைகூடச் செய்திருக்க முடியாது. உறைகட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ. மருந்தும் 1985-இல் ஜஸ்டின் ஜிவின் குழு முயல்களில் காட்டிய பலனுக்குப் பிறகே 1995-இன் மனிதச் சோதனைக்கு வந்து சேர்ந்தது. விலங்குகள் தோற்றன என்று பொத்தாம் பொதுவாகச் சொல்பவர்கள் இந்தக் கணக்கை எந்தப் பக்கத்தில் எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி இரண்டாவது கேள்வி: அடைப்பு நீங்கும்வரை, நீங்கிய பின்னும், செல்லைச் சாகாமல் காக்கும் மருந்து எது?

இந்தக் கேள்வியோடு களத்துக்கு வந்தது எலி. குரங்குச் சோதனைக்கு ஆகும் செலவும் அது எழுப்பும் அறக்கேள்வியும் பெரியவை; எலி மலிவு. 1986-இல் ஜப்பானில் கொய்சுமி, 1989-இல் அமெரிக்காவில் லோங்கா ஆகியோர் கழுத்துத் தமனி வழியே நைலான் இழையைச் செலுத்தி நடு மூளைத் தமனியின் வாயை அடைக்கும் முறையைக் கொடுத்தார்கள். மண்டையோட்டைத் திறக்க வேண்டாம். இழையை இழுத்தால் ரத்தம் திரும்ப ஓடும். மறுநாள் எலியைக் கொன்று மூளையை வில்லைகளாக வெட்டி டி.டி.சி. சாயத்தில் ஊறவைத்தால் உயிருள்ள திசு சிவக்கும், மடிந்தது வெளுத்தே இருக்கும். வெளுத்த பரப்பை அளந்தால் வேலை முடிந்தது. உலகெங்கும் ஆய்வகங்கள் இதைக் கையிலெடுத்தன.

பபூனிலிருந்து எலிக்கு வந்தபோது உருவத்தைத் தவிர இன்னொன்றும் மாறியது. அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. குரங்கு ஆய்வாளர்கள் திசு உயிரோடு இருக்கும்போதே அதன் ஓட்டத்தையும் மின்செயலையும் அளந்தார்கள். எலி மருந்தாய்வுகளில் பெரும்பாலானவை மறுநாள் மடிந்தது எவ்வளவு என்று மட்டுமே அளந்தன. மருந்து ஊசி ஏறிய நேரத்தில் அந்த எலியின் மூளையில் காப்பாற்றக்கூடிய திசு இருந்ததா, எவ்வளவு இருந்தது, எங்கே இருந்தது? பெரும்பாலான கட்டுரைகளில் இதற்கு விடை கிடையாது. மருந்து கொடுத்த கூட்டத்தில் வெளுத்த பரப்பு சிறியதாக இருந்தால் புறநிழல் காப்பாற்றப்பட்டது என்று எழுதினார்கள். அந்த எலிகளுக்கு முதலிலேயே அடைப்பு சரியாக விழாமல் இருந்திருக்கலாம், இழை அரை மில்லிமீட்டர் குறைவாகப் போயிருக்கலாம், அண்டைத் தமனிகள் வலுவாக இருந்திருக்கலாம். புறநிழலைப் பற்றிய ஆராய்ச்சி என்று பெயர் சூட்டிக்கொண்ட துறை, புறநிழலை அளப்பதை விட்டுவிட்டது. என் தீர்ப்பின் அச்சாணி இதுதான். மற்ற குறைகள் இதைச் சுற்றி வருபவை.

தோல்வியின் அளவு எல்லாரும் அறிந்ததே, ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006-இல் விக்டோரியா ஓ'காலின்ஸும் சகாக்களும் பக்கவாதத்துக்காக ஆய்வுக்கூடங்களில் சோதித்துப் பார்க்கப்பட்ட 1,026 சிகிச்சைகளைத் திரட்டினார்கள். அவற்றில் 114 மனிதர்வரை போயின. மனிதருக்குப் போனவை, போகாதவற்றைவிட விலங்குகளில் சிறப்பாகச் செயல்பட்டவை என்பதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. எது மனிதரிடம் போக வேண்டும் என்பதை எலியின் விடை முடிவு செய்யவில்லை என்றால், எலியைக் கேட்டதாகக் காட்டிக்கொண்டது எதற்கு?

மிகப் பெரிய சறுக்கல் அதே காலத்தில் நடந்தது. அஸ்ட்ராஜெனிகாவின் என்.எக்ஸ்.ஒய்.-059 என்ற மருந்து எலியில் பலித்தது, சிறு குரங்கான மார்மோசெட்டிலும் பலித்தது. நல்ல விலங்காய்வு எப்படி இருக்க வேண்டும் என்று 1999-இல் கல்வியாளர்களும் மருந்து நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த ஸ்டேர் பரிந்துரைகளுக்கு அதுவே முன்மாதிரி என்று கருதப்பட்டது. 1,722 பேரைச் சேர்த்த முதல் செயிண்ட் சோதனையில் சிறிய பலன் தெரிந்தது. 3,306 பேரைச் சேர்த்த இரண்டாவது சோதனையில் ஒன்றுமே இல்லை. அதன்பின் எடின்பரோவின் மால்கம் மக்லியோட் குழு அந்த மருந்தின் விலங்காய்வுகளைத் திரும்பத் தோண்டியது. விலங்குகளைக் குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வுகளில் தெரிந்த பலன், பிரிக்காதவற்றில் தெரிந்ததில் பாதிகூட இல்லை. முன்மாதிரி என்று கொண்டாடப்பட்ட மருந்தின் கதியே இது.

எமிலி செனா உள்ளிட்டோர் 2010-இல் இன்னும் மோசமான ஒன்றைக் காட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்த 525 விலங்காய்வுக் கட்டுரைகளில் மடிந்த பரப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று சொன்னவை பத்தே பத்து. ஆய்வுக்கூடங்களில் தோல்வியே நடக்காததுபோல! பலிக்காத ஆய்வுகள் அச்சேறாமலே போனதால், அச்சில் தெரிந்த பலனில் மூன்றில் ஒரு பங்கு வரை வெறும் தோற்றமாக இருக்கலாம் என்று அவர்கள் கணித்தார்கள். அச்சேறாத அந்த ஆய்வுகளிலும் விலங்குகள் கொல்லப்பட்டுத்தான் இருக்கும். அவற்றின் சாவிலிருந்து யாருக்கும் ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. விலங்குச் சோதனையின் அறம் பற்றிய விவாதத்தில் வலியைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்த வீண்சாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒழுங்கின்மைதான் காரணம் என்ற வாதத்தின் பலம் இவ்வளவும். அதுவே முழுக் காரணமாகிவிட்டால் என் வேலை எளிது. நெரினடைடு என்ற காப்பு மருந்து அதை எளிதாக்கவில்லை. டொரான்டோவில் மைக்கேல் டிமியான்ஸ்கி குழு 2012-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு எலியை நம்பி நிற்கவில்லை. மடிப்புகள் கொண்ட பெரிய மூளையுள்ள மக்காக் குரங்குகள், குலுக்கல் பிரிப்பு, எந்த விலங்குக்கு எது போனது என்று அளப்பவருக்குத் தெரியாத மறைப்பு, எம்.ஆர்.ஐ. படங்கள், நடத்தைச் சோதனைகள் என்று கேட்டவை எல்லாம் அதில் இருந்தன. பலனும் தெளிவாக இருந்தது. 1,105 நோயாளிகளுடன் 2020-இல் வெளியான எஸ்கேப்-என்.ஏ.1 சோதனையில், நன்றாகத் தேறியவர்கள் மருந்துப் பிரிவில் 61.4 விழுக்காடு, போலி மருந்துப் பிரிவில் 59.2. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஆழமாகப் பார்த்தபோது, உறைகட்டி கரைக்கும் மருந்து கூடவே பெறாதவர்களிடம் நெரினடைடு ஓரளவு உதவியதாகத் தெரிந்தது. உடலில் கரைப்பு மருந்து எழுப்பிவிடும் பிளாஸ்மின் என்ற நொதி நெரினடைடை வெட்டிச் சிதைத்துவிடும். உறைகட்டியை இழுத்தெடுக்கும் நோயாளிகளில் பலருக்கு அந்தக் கரைப்பு மருந்தும் போகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று விலங்குகளிடம் போதிய அளவு கேட்காமலே மனிதச் சோதனை தொடங்கியது. பின்னால் எலிகளிடம் கேட்டபோது அவை சரியான விடையையே கொடுத்தன. ஆனால் இதை வைத்துக்கொண்டும் முழு விடுதலை கொடுத்துவிட முடியாது. கரைப்பு மருந்து பெறாதவர்களை மட்டும் சேர்த்து நடந்த அடுத்த சோதனையிலும் எதிர்பார்த்த பலன் உறுதிப்படவில்லை. ஒழுங்காகச் செய்யப்பட்ட, மனிதனுக்கு நெருங்கிய விலங்கில் செய்யப்பட்ட ஆய்வும் வழி தவறலாம். ஒழுங்கு தேவை, அதுமட்டும் போதாது.

அப்படியென்றால் விலங்கின் உடலிலேயே குறை இருக்கிறதா? இருக்கிறது. எலியின் மூளை சுமார் 2 கிராம், மனித மூளை 1,400. மனித மூளையில் ஏறக்குறைய பாதி வெண்பொருள், எலியில் அது சிறு பங்கு. நரம்புச் செல்லைக் காக்கும் மருந்து வெண்பொருளின் நீண்ட இழைகளைக் காக்காவிட்டாலும் எலியில் அது வெளியே தெரியாது. எலியின் இயல்பான ரத்த ஓட்டமே நம்முடையதைவிட ஏறக்குறைய இரு மடங்கு, ஆகவே குரங்கில் கண்ட எல்லைகளை அப்படியே எலிக்குப் பொருத்த முடியாது. பெரும்பாலான மனிதப் பக்கவாதங்கள் பாதிக்கப்பட்ட அரைக்கோளத்தில் 4.5 முதல் 14 விழுக்காட்டை மட்டுமே அழிக்கின்றன என்று தாமஸ் கார்மைக்கேல் 2005-இல் கணக்குக் காட்டினார். நைலான் இழை எலியில் அதைப் போலப் பல மடங்கை அழிக்கிறது. அடைப்பு நீண்டால் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸும் சேர்ந்து கெட்டு எலிக்குக் காய்ச்சல் ஏறுகிறது, அந்தக் காய்ச்சலே மூளையை மேலும் கெடுக்கிறது. இதெல்லாம் பாடநூல் குறைகள். என்னை அதிகம் உறுத்துவது வேறு.

புறநிழல் ஒவ்வோர் எலி இனத்திலும் வேறு வேறாக இருக்கிறது. ஆய்வகங்களின் செல்லப்பிள்ளையான சி57 சுண்டெலிக்கு மூளையின் மேற்பரப்பில் அண்டைத் தமனி இணைப்புகள் ஏராளம்; பால்ப்-சி சுண்டெலிக்கு மிகக் குறைவு. அதே அடைப்பு, அதே மருந்து, முற்றிலும் வேறு புறநிழல். கிளாஸ்கோவில் 2009-இல் வந்த ஆய்வில், உயர் ரத்த அழுத்தமும் பக்கவாத நாட்டமும் கொண்டு பிறந்த எலிகளில் புறநிழல் சாதாரண எலிகளைவிடச் சிறியது என்று எம்.ஆர்.ஐ. காட்டியது. மனிதப் பக்கவாத நோயாளிகள் பலருக்கு ரத்த அழுத்தம் உண்டு, சர்க்கரை உண்டு, வயதும் ஆகியிருக்கும். மருந்துகள் சோதிக்கப்பட்டதோ பெரும்பாலும் இளம், ஆரோக்கியமான ஆண் எலிகளில். காப்பாற்றக்கூடிய திசு நிறைய இருக்கும் விலங்கில் மருந்து பலிப்பதைப் பார்த்துவிட்டு, அது குறைவாக உள்ள மனிதனிடம் அதே பலனை எதிர்பார்த்தோம்.

2020-இல் பாஸ்டனில் எங் லோ குழு வெளியிட்ட ஆய்வு இந்த வாதத்தை எதிர்பாராத இடத்திலிருந்து உறுதிப்படுத்தியது. எலி இரவில் விழித்திருக்கும், பகலில் தூங்கும். ஆய்வாளர்கள் பகலில் வேலை செய்வார்கள். ஆகவே பல பத்தாண்டுகளாக எலிகள் தூங்கும் வேளையில் பக்கவாதம் உண்டாக்கப்பட்டு, தூங்கும் வேளையில் மருந்து கொடுக்கப்பட்டது. மனிதரிடமோ பெரும்பாலான பக்கவாதங்கள் விழித்திருக்கும் வேளையில் வருகின்றன. லோ குழு மூன்று சிகிச்சைகளை எடுத்தது: இயல்பான காற்றழுத்தத்தில் செறிந்த ஆக்ஸிஜன், எம்.கே.801, ஆல்ஃபா-பி.பி.என். என்ற இரு மருந்துகள். மூன்றும் எலியின் உறக்க வேளையில் பலித்தன, விழிப்பு வேளையில் பலிக்கவில்லை. லேசர் படங்களில் விழிப்பு வேளைப் புறநிழல் ஒடுங்கியிருந்தது. இதில் ஆல்ஃபா-பி.பி.என். யார் என்று பார்த்தால், செயிண்ட் சோதனைகளில் வீழ்ந்த என்.எக்ஸ்.ஒய்.-059-இன் தாய் மூலக்கூறு.

இந்த ஆய்வைக் காட்டி விலங்குச் சோதனையை ஏளனம் செய்பவர்கள் உண்டு. நான் இதைப் படிப்பது தலைகீழாக. மருந்தின் தோல்விக்கு ஏற்கத்தக்க விளக்கம் ஒன்றைக் கொடுத்தது எலிதான். புறநிழலை நேரடியாக அளந்த நாளில் கொடுத்தது. அளக்காத நாட்களில் அதே எலி பொய் சொன்னதாகத் தோன்றியது.

ஒரு மாதிரியின் தகுதி அதைப் பயன்படுத்தும் காலத்தையும் பொறுத்தது என்பதற்குப் பக்கவாத ஆய்விலேயே ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. கொலோனின் கான்ஸ்டன்டின் ஹோஸ்மன் இந்தத் துறையின் பெரியவர்களில் ஒருவர். 2012-இல் அவர் இழையைச் செருகிச் சட்டென்று உருவும் எலி மாதிரியைக் கடுமையாக விமர்சித்தார். மனிதரில் அடைப்பு அப்படித் திடீரென்று திறப்பதில்லை, உறைகட்டி மெல்லக் கரைகிறது, ஆகவே அந்த மாதிரி காட்டும் நோயியல் பெரும்பாலான நோயாளிகளுக்குப் பொருந்தாது என்றார். அன்றைய நிலையில் மறுக்க முடியாத வாதம். 2015-இல் வந்த ஐந்து சோதனைகள் குழாய் வழியே உறைகட்டியை இழுத்தெடுப்பதைத் தரமான சிகிச்சையாக்கின. மூன்றே ஆண்டுகளில், இழையைச் சட்டென்று உருவிய எலி மருத்துவமனையின் மிகப் புதிய சிகிச்சைக்கு மிக நெருங்கிய மாதிரியாகிவிட்டது. எலி மாறவில்லை, நாம் அதனிடம் வந்து சேர்ந்தோம். அடைப்பு நீங்காத தமனி வழியே மருந்து புறநிழலை எப்படிப் போய்ச் சேரும் என்ற பழைய கேள்வி பல மனிதச் சோதனைகளின் தோல்வியில் பங்கு வகித்திருக்கலாம். இன்று அந்தத் தடை பல நோயாளிகளிடம் இல்லை என்பதும் கணக்கில் எடுக்க வேண்டியது.

அளவீட்டுப் பிழை ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை, மருத்துவமனைக்கும் வந்தது. இன்றைய கணினி மென்பொருள்கள் ரத்த ஓட்டம் இயல்பில் 30 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள பகுதியை மடிந்த மையம் என்று நிறம் பூசிக் காட்டுகின்றன. மக்காக் சொன்னது அதுவல்ல. எவ்வளவு ஓட்டம் என்பதோடு எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துக் கேள் என்றது அது. மென்பொருள் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. தாக்கிய முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மடிந்தது என்று காட்டப்பட்ட திசு, ஓட்டம் திரும்பியதும் பிழைத்துக்கொண்ட நிகழ்வுகள் உண்டு. மையம் பெரிது, இனிப் பயனில்லை என்று கைவிடப்பட்டிருக்கக்கூடிய நோயாளிகளை எடுத்துக்கொண்ட 2022-இன் ஜப்பானிய ஆய்வில், உறைகட்டியை எடுத்தவர்களில் 31 விழுக்காட்டினர் ஓரளவு நல்ல நிலையை எட்டினார்கள், எடுக்காதவர்களில் 12.7. அடுத்த ஆண்டு வந்த செலக்ட் 2, ஏஞ்சல்-ஆஸ்பெக்ட் சோதனைகளும் அதையே உறுதிப்படுத்தின. புறநிழல் என்ற கருத்து இதனால் விழுந்துவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகை. ஒற்றைப் படத்தில் ஒற்றை எண்ணை வைத்து அதற்கு எல்லை கட்டலாம் என்ற நம்பிக்கைதான் விழுந்தது. அந்த நம்பிக்கைக்கு 1981-இலேயே ஆதாரம் இல்லை.

துறை தன்னைத் திருத்திக்கொள்ளும் முயற்சிகளில் மிகப் பெரியது அமெரிக்க அரசின் நிதியில் நடந்த ஸ்பான். ஆறு ஆய்வகங்கள் சேர்ந்து ஆறு சிகிச்சைகளைப் போட்டியில் இறக்கின. இளம் சுண்டெலி, வயதான சுண்டெலி, கொழுப்புணவால் பருத்த சுண்டெலி, ரத்த அழுத்தமுள்ள எலி ஆகிய எல்லாவற்றிலும், இரு பாலிலும், மையக் குலுக்கலோடும் மறைப்போடும் சோதித்தன. முடிவுகள் 2023-இல் வந்தன. தேறியது யூரிக் அமிலம் ஒன்றே. தோற்ற ஐந்தின் கதையும் அச்சேறியது; இந்தத் துறையின் வரலாற்றில் அது சிறிய விஷயமில்லை. மருந்துக் கம்பெனிகளின் மனிதச் சோதனைகளுக்கு நிகரான கட்டுப்பாட்டை எலிக் கூண்டில் கொண்டுவர முடியும் என்பதை ஸ்பான் மெய்ப்பித்துவிட்டது.

ஆனாலும் அதற்கு முழு மதிப்பெண் தரமாட்டேன். எலி எந்தப் பக்கமாகத் திரும்புகிறது என்ற நடத்தையே அதன் முதன்மை அளவுகோல். நோயாளியின் செயல்திறனுக்கு அது நெருக்கமானது என்பதால் தேர்ந்தார்கள், அந்த நியாயம் புரிகிறது. எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள், அது பாதிப்பு நிலைத்த பின்னால். மருந்து உடலில் இறங்கிய வேளையில் ஒவ்வொரு விலங்கிலும் காப்பாற்ற என்ன மிஞ்சியிருந்தது என்ற கேள்வி இத்தனை நேர்த்தியான ஏற்பாட்டிலும் விடுபட்டது. அதனால் தோற்ற ஐந்து சிகிச்சைகளும் பலனற்றவையா, காப்பாற்ற ஒன்றுமில்லாத மூளைகளுக்குப் போய்ச் சேர்ந்தவையா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எல்லா விலங்குக்கும் சிகிச்சைக்கு முன் படமெடுப்பது செலவு, மயக்க மருந்தின் நேரம் நீளும், ஐசோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுவே மூளையைக் காப்பது என்பதால் முடிவு கலங்கும் என்பார்கள். உண்மையான இடர்கள். ஒரு பகுதி விலங்குகளிலாவது செய்திருக்கலாம். லேசர் படம் மலிவானது; பாஸ்டன் குழு அதைக் கொண்டே வேண்டியதைப் பார்த்துவிட்டது.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. புறநிழல் எங்கே, எவ்வளவு நேரம், எந்த ஓட்டத்தில் வாழ்கிறது என்று கேட்ட விலங்காய்வுகள் இந்த நூற்றாண்டின் மருத்துவத்துக்கு அடித்தளம். அவற்றைத் தொடர வேண்டும், பெரிய மூளையுள்ள விலங்குகளிலும், மிகக் குறைந்த எண்ணிக்கையில், மிக நுணுக்கமான அளவீட்டோடு. எந்த மருந்து சிறந்தது என்று கேட்ட விலங்காய்வுகளில் பெரும்பகுதியை ஆதாரமாக ஏற்க முடியாது. எலி என்பதற்காக அவற்றைத் தள்ளவில்லை. காப்பதாகச் சொன்ன பொருளை அவை அளக்கவில்லை என்பதற்காகத் தள்ளுகிறேன். சிகிச்சைக்கு முன் புறநிழலைக் காட்டாத காப்பு மருந்தாய்வைப் புறநிழல் ஆய்வு என்ற தலைப்பில் எந்த இதழும் இனி அச்சிடக்கூடாது.

யூரிக் அமிலத்தின் நிலை என்ன? ஸ்பெயினில் 411 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான சோதனையில் அதன் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. உறைகட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சை பரவலாவதற்கு முந்தைய காலம் அது. இப்போது எலிகளில் அது தேறியிருப்பதால் மனிதரிடம் இன்னொரு முறை கேட்பது நியாயமே. தமனி திறக்கப்படும் நோயாளிகளிடம் கேட்க வேண்டும், ஊசிக்கு முன் புறநிழலின் அளவைப் பதிவு செய்ய வேண்டும். தாக்கியது பகலிலா இரவிலா என்ற ஒரு கட்டத்தையும் நோயாளிப் படிவத்தில் சேர்த்துவிட்டால், பாஸ்டன் எலிகள் எழுப்பிய கேள்விக்கும் அதே சோதனையில் விடை கிடைத்துவிடும்.